மூணு வயசுப் பயலுக்கு விரல் இடுக்குல பொரிப்பொரியா அரிப்பு, ராத்திரி தூங்கவே மாட்டேங்குறான்

மேலூர் அம்மா:
சித்திரைத் திருவிழாவுக்கு வீட்ல சொந்தபந்தம் எல்லாம் வந்து புள்ளைக ஒரே பாயில படுத்துச்சுக, அது முடிஞ்சு ஒரு மாசம் போல இருக்கும், பையனுக்கு விரல் இடுக்குலயும் தொப்புளச் சுத்தியும் பொரிப்பொரியா வந்துருச்சு. பகல்ல வெளையாடுறான், படுத்தா போதும் பரக்கு பரக்குன்னு சொறியுறான். நேத்து ரெண்டு மணிக்கு லைட்டப் போட்டுப் பாத்தா நகத்துல ரத்தம், எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்பத்தா வேர்க்குருன்னு வேப்பங்கொழுந்து அரைச்சுப் பூசுனாங்க. மெடிக்கல்ல ஒரு ஆயின்மென்ட் குடுத்தாங்க, நாலு நாள் அடங்கி இப்ப முன்னவிட ஜாஸ்தி. முட்டை, மீன் எல்லாம் கூட நிப்பாட்டிட்டேன்.

விளாங்குடி அக்கா:
தங்கச்சி, வேர்க்குரு கழுத்து, முதுகுன்னு வேர்க்குற எடத்துல வரும். விரல் இடுக்கு, தொப்புள், அதுவும் ராத்திரி அரிப்புன்னா சிரங்கா இருக்கும், டாக்டருக ஸ்கேபிஸ்ம்பாங்க. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள்ள போயி முட்டை வைக்கும். மொத தடவன்னா அரிப்பு ஆரம்பிக்கவே நாலஞ்சு வாரம் ஆகும், அதான் திருவிழாக் கணக்கு சரியா வருது. சுத்தமா இருக்குறவங்களுக்கும் ஒட்டிப் படுத்தா வரும்மா, மனசப் போட்டுக் கொழப்பிக்காத. கடை ஆயின்மென்ட்ல ஸ்டீராய்டு இருந்தா அரிப்ப அமுக்கும், பூச்சி சாகாது. புள்ளைக்கு முட்டையக் குடு. வீட்ல வேற யாருக்கும் அரிக்குதான்னு கேளு.

மேலூர் அம்மா:
இப்பத்தான் கேட்டேன்கா, அவுகளுக்கு இடுப்புல, அப்பத்தாவுக்கு மணிக்கட்டுல. ரெண்டு பேரும் சொல்லாமலே இருந்துருக்காங்க.

திருமங்கலம் அண்ணன்:
எங்க வீட்ல மூணு தடவ திரும்பி வந்துச்சும்மா, காரணம் புள்ளைக்கு மட்டும் தடவுனதுதான். கடைசில தோல் டாக்டரம்மா பெர்மெத்ரின் 5% க்ரீம் எழுதிக் குடுத்து, அரிப்பு இல்லாதவங்களும் சேந்து ஒரே ராத்திரில எல்லாரும் தடவணும்னாங்க. கழுத்துலருந்து உள்ளங்கால் வரைக்கும், விரல் இடுக்கு, நகத்துக்கடி ஒன்னு விடாம, 8லருந்து 12 மணி நேரம் வச்சுக் குளிக்கணும், நடுவுல கை கழுவுனா கையில மட்டும் திரும்பத் தடவணும். 7 நாள் கழிச்சு இன்னொரு தடவ. கைக்கொழந்தைன்னா தலைக்கும் தடவச் சொல்லுவாங்க, கர்ப்பமா யாரும் இருந்தா முன்னாடியே டாக்டர்ட்ட சொல்லிருங்க. அன்னைக்கே துணி, பெட்ஷீட்டச் சுடுதண்ணில அலசி வெயில்ல போடுங்க, தொவைக்க முடியாத பொம்மையப் பிளாஸ்டிக் பையில 3 நாள் கட்டி வைங்க. பூச்சி செத்தாலும் ரெண்டு மூணு வாரம் அரிக்கும், பயந்துபோயி தெனமும் தடவிராதீங்க.

விளாங்குடி அக்கா:
இன்னொன்னு, சொறிஞ்ச எடத்துல சீழ் வச்சா சும்மா விடாத, டாக்டர்ட்ட காட்டு. அதுக்கப்புறம் மூஞ்சி வீங்குனாலோ ஒன்னுக்கு காப்பி கலர்ல போனாலோ அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்கு ஓடிரு, கிட்னியப் பாதிக்கும்.

மேலூர் அம்மா:
டாக்டரும் அதேதான் சொன்னாங்கக்கா. நேத்து எல்லாரும் தடவுனோம், அப்பத்தா எனக்கெதுக்குன்னு மல்லுக்கு நின்னாங்க, பேரன் நான் தடவி விடுறேன்னு கால்ல போயி உக்காரவும் ஒன்னும் பேசல. ராத்திரி ரெண்டு தடவதான் முழிச்சான். ரெண்டாந்தடவ வர்ற வெள்ளிக்கெழம.