விளக்கும்போது தடுமாறுகிறேன், ஊக்கத்தைத் தக்கவைப்பது எப்படி?

கேள்வி:
ஆசிரியர் பயிற்சியின் இறுதியாண்டில் இருக்கிறேன். நன்கு கற்றுவிட்டதாக நம்பிய பாடத்தையே வகுப்பில் விளக்க முற்படும்போது தடுமாறுவதால், கற்பிக்கும் ஆர்வமே குறைந்துவருகிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
திரும்பத் திரும்ப வாசிப்பதால் உண்டாகும் பரிச்சயத்தையே நாம் பெரும்பாலும் புரிதல் என்று எண்ணிவிடுகிறோம். படித்தவற்றில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே மறந்துபோவதையும், இடைவெளி விட்டுப் பயில்வது நினைவை வலுப்படுத்துவதையும் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது (அவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து சோதித்தார் என்பதையும் மறக்கலாகாது). ஆகவே நூலை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து மட்டுமே விளக்கிப் பாருங்கள். தடைபடும் இடமே நீங்கள் மீண்டும் படிக்க வேண்டிய இடம்.

மறுமொழி 2:
ஏற்கிறேன், ஆயினும் ஊக்கம் நினைவாற்றலை மட்டும் சார்ந்ததன்று. தன்னுரிமை, திறனுணர்வு, பிறரோடு பிணைப்பு ஆகிய மூன்றும் அதற்கு அடிப்படை என்பது உளவியலாளர்கள் டெசி, ரையன் ஆகியோரின் கோட்பாடு. தனியே ஒத்திகை பார்ப்பதைவிட, சக பயிற்சியாளர் ஒருவருக்குக் கற்பித்துக் காட்டுவது நல்லது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நாளைய பாடத்தைக் குறிப்பின்றித் தோழியிடம் விளக்கிப் பார்க்கிறேன்.