புதுப்பிப்பு: இரட்டை அலகுச் சங்கிலிகளின் பெர்கோலேஷன் எல்லை கூடுதலாக வந்த சிக்கல் தீர்ந்தது

சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன்: சதுரக் கட்டத்தில் இரண்டு அலகு நீளமான பல்பகுதியச் சங்கிலிகளை எழுமாறாக ஒட்டவைக்கிறேன், விளிம்புக்கு விளிம்பு தொடர்ச்சி உருவாகும் நிரப்பளவு (நிரம்பிய இடங்களின் பங்கு; இதுவே பெர்கோலேஷன் எல்லை) 0.562 அளவில் வரவேண்டும், எனக்கு 0.60ஐத் தாண்டுகிறதே, ஏன்? பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பேராதனையிலிருந்து எழுதிய அண்ணாவின் யோசனைதான் பலித்தது. "ஒற்றை அலகை மட்டும் போட்டுப் பாருங்கள், அதற்குரிய எல்லையான 0.5927 வராவிட்டால் பிழை சங்கிலியில் இல்லை" என்றார். வரவில்லை. இரு கொத்துகளை (ஒன்றையொன்று தொடும் நிரம்பிய இடங்களின் கூட்டங்களை) இணைக்கும்போது, கொத்து முழுவதையும் குறிக்கும் மூல எண்ணைத் தேடாமல், பக்கத்து இடத்தின் எண்ணை மட்டும் மாற்றியிருந்தேன். அதனால் உண்மையில் சேர்ந்த கொத்துகள் தனித்தனியாகவே கணக்கிடப்பட்டன. இனி இடமே இல்லை என்ற நிலையில் நிரப்பளவு சரியாக 0.907 வந்ததால், ஒட்டவைக்கும் பகுதி முதலிலிருந்தே சரி என்பதை நான் உணர்ந்திருக்க வேண்டும். எழுமாற்று எண்களில் குறையில்லை.

திருத்தியபின் ஒற்றை அலகுக்கு 0.593, இரட்டைக்கு 0.562.

எதிர்பாராதது வேகம். முன்பு ஒவ்வொரு சங்கிலிக்கும் முழுக் கட்டத்துக்கும் புதிதாக எண்ணிட்டேன். இப்போது புதிய சங்கிலியை அண்டைக் கொத்துகளோடு மட்டும் இணைக்கிறேன். மழைக்காலத்தில் பண்டாரவளையில் மின்சாரம் போய்ப் பாதியில் நின்ற ஓட்டங்கள் இப்போது மாலைக்குள் முடிகின்றன!

கட்டத்தின் பக்கம் 64இலிருந்து 512 ஆனபோது முடிவுகளின் சிதறல் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகச் சுருங்கியது. சிதறல் பக்க நீளத்தின் −3/4 அடுக்காகக் குறையும் என்ற விதி சொல்வதும் அதுவே.