'ஹோலோடைப்': மூலமாதிரியா, பெயர்ச்சான்றா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

புதைபடிவச் சொற்பட்டியலில் ஹோலோடைப்புக்கு, அதாவது ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது அந்தப் பெயருக்கு ஆதாரமாகச் சுட்டும் அசலுக்கு, 'மூலமாதிரி' என்று போட்டிருக்கிறோம். அதை மாற்றவேண்டும். அருங்காட்சியகத்தில் ஓர் எலும்பின் கீழே 'மாதிரி' என்று எழுதினால், பார்க்கிறவர்கள் அதை பிளாஸ்டரில் செய்த போலி என்றே எடுத்துக்கொள்வார்கள். அசலா வார்ப்பா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. சொல்லே அதைக் குழப்பக்கூடாது.

புதிய இனத்துக்குப் பெயர் வைப்பவர், இந்தப் பெயர் இந்த எலும்புக்குரியது என்று ஒன்றைச் சுட்டிவிடுகிறார். பிறகு கிடைப்பவை அதே இனம்தானா என்பதை அதோடு ஒப்பிட்டே முடிவு செய்கிறார்கள். எனவே 'பெயர்ச்சான்று' என்று முன்மொழிகிறேன்.

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரஸை வைத்துச் சோதித்துப் பாருங்கள். 1987-இல் யாதகிரியும் அய்யாசாமியும் பெயரிட்டபோது, அதை ஊனுண்ணி டைனோசர் என்று வகைப்படுத்தினார்கள். இன்று நீள்கழுத்துத் தாவர உண்ணிகளோடு சேர்க்கிறார்கள். வகை மாறியும் பெயர் அதே எலும்புகளோடுதான் நிற்கிறது. அவற்றில் கணைக்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். மாபெரும் டைனோசர் என்று பேர்பெற்ற அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு 1.55 மீட்டர்தான். 2023-இல் வந்த ஒரு மதிப்பீடு புருகத்காயோசாரஸின் எடையை 110 முதல் 130 டன் என்கிறது. ஆனால் அளந்து பார்க்க இன்று எலும்பு இல்லை, உதிர்ந்து போய்விட்டது.

அன்புடன்.

— — —

> எனவே 'பெயர்ச்சான்று' என்று முன்மொழிகிறேன்.

ஐயா, சொல் பிடித்திருக்கிறது. சான்றிதழ் நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்கலாம். 'கல்வெட்டுச் சான்று' என்று நாள்தோறும் எழுதுகிறோமே, அந்தப் பொருளில் இதுவும் நிலைத்துவிடும்.

ஆனால் பெயரைத் தாங்குவது ஹோலோடைப் மட்டும் இல்லை. பெயர்ச்சான்று என்பதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்வோம். ஹோலோடைப் தனிப் பெயர்ச்சான்று. பலவற்றைச் சேர்த்துச் சுட்டியிருந்தால் தொகைப் பெயர்ச்சான்று. அந்தத் தொகையிலிருந்து பின்னாளில் ஒன்றைப் பொறுக்கி நிறுத்தினால் தேர்வுப் பெயர்ச்சான்று. எல்லாம் போனபின் புதிதாக நியமிப்பது மாற்றுப் பெயர்ச்சான்று. ஹோலோடைப்போடு கூடவே சுட்டப்படும் பிற எலும்புகளான பாராடைப் பெயரைத் தாங்காது. அதற்குத் துணைச்சான்று போதும், 'பெயர்' சேர்க்கவே கூடாது.

— — —

இன்னொரு பிரிவும் தேவை. 'தொலைந்த' என்ற ஒரே சொல்லில் இரண்டு நிலைகளை அடக்குகிறோம்.

அமெரிக்காவின் கொலராடோவில் 1877-இல் கிடைத்த ஒரு டைனோசர் முதுகெலும்பின் மேற்பகுதி 1.5 மீட்டர் உயரம். முழுதாக இருந்திருந்தால் 2.7 மீட்டர் வரும் என்று கணக்கிட்டார்கள். புதைபடிவ ஆய்வாளர் கோப் 1878-இல் அதற்கு ஆம்ஃபிசீலியஸ் ஃப்ராஜிலிமஸ் என்று பெயரிட்டு, ஒரே ஒரு படம் வெளியிட்டார். 1921-இல் அவருடைய சேகரிப்பை ஆராய்ந்தவர்களுக்கு எலும்பு அகப்படவில்லை. உதிர்ந்திருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதி இல்லை. இது *காணாப் பெயர்ச்சான்று*. அந்த ஒரு படத்தையும் அளவுகளையும் கொண்டே 2018-இல் அதை மாராபுனிசாரஸ் என்று வேறு பேரினமாக்கினார்கள். 58 மீட்டர் என்று சொல்லப்பட்ட உடல்நீளம் ஏறத்தாழ 30 மீட்டராகச் சுருங்கியது. எலும்பு கையில் இல்லாவிட்டால் கணக்கு இப்படித்தான் ஊசலாடும்.

எகிப்தில் கிடைத்த ஸ்பைனோசாரஸ் டைனோசரின் எலும்புகள் 1944 ஏப்ரலில் மியூனிக் குண்டுவீச்சில் எரிந்தன. கல்லமேட்டு எலும்புகள் உதிர்ந்தன. இவை *அழிந்த பெயர்ச்சான்று*.

இது வெறும் சொல்நயம் இல்லை. விலங்கியல் பெயரிடல் விதிப்படி, மாற்றுப் பெயர்ச்சான்று நியமித்தபின் காணாமல் போன அசல் திரும்பக் கிடைத்தால் அசலுக்கே உரிமை, மாற்று விலகிவிடும். அழிந்ததற்கு அந்த வாய்ப்பே கிடையாது.

மாற்றை நியமிப்பதும் எளிதில்லை. முடிந்தவரை அதே இடம், அதே படிவு அடுக்கு, ஒப்பிடக்கூடிய எலும்பு வேண்டும். எகிப்திய ஸ்பைனோசாரஸுக்கு 2014-இல் மொராக்கோ எலும்புக்கூட்டை முன்வைத்தபோது, இடம் வேறு என்றே மறுப்பு எழுந்தது. கல்லமேட்டில் நாளை ஒரு பல் கிடைத்தாலும் உதவாது. கணைக்காலோ இடுப்பெலும்போ வரவேண்டும்.

— — —

> கல்லமேட்டு எலும்புகள் உதிர்ந்தன.

அதை ஒட்டி இன்னொரு சொல். களத்தில் எலும்பைச் சுற்றிப் போடும் பிளாஸ்டர் உறைக்குப் பட்டியலில் 'களக்கவசம்' என்று இருக்கிறது. 'மாவுக்கட்டு' என்றே வையுங்கள், கை முறிந்த எவருக்கும் தெரியும். செய்முறையும் அதேதான்: எலும்பின்மேல் ஈரக் காகிதம், அதன்மேல் பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத்துணிப் பட்டைகள், நீண்ட எலும்பானால் மரச்சட்டம். காகிதத்தை விட்டால் பிளாஸ்டர் எலும்பில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது மேற்பரப்பு பெயர்ந்து வரும்.

களிமண் படிவில் கட்டு மட்டும் காப்பாற்றாது. விரிசலில் புகுந்த களிமண் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி, எலும்பை உள்ளிருந்தே பிளக்கும். முதலில் அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற பிசினை ஊறவிடவேண்டும்: 5 விழுக்காட்டில் நீர்க்கத் தொடங்கி, பிறகு 10. எலும்பு ஈரமாக இருந்தால் கரைசல் உள்ளே இறங்காது, மேலே வெள்ளையாகப் பூத்து நிற்கும். இந்தக் கரைசலுக்குப் பட்டியலில் 'கெட்டிப்பூச்சு' என்றிருக்கிறோம். வேலையே உள்ளே ஊறுவதுதான் என்பதால் 'ஊறுபிசின்' என்கிறேன்.

வார்ப்பு, ஒளிப்படம், முப்பரிமாணப் பதிவு மூன்றையும் 'சான்றுப்படி' என்று தனியாகப் பதியலாம். 1987 கட்டுரையில் இருந்தவை கோட்டோவியங்களே. அதனால் அது எலும்பா கல்மரமா என்றே ஐயப்பட்டவர்கள் உண்டு. களத்து ஒளிப்படங்கள் 2022-இல்தான் அச்சேறின. ஆனாலும் படி பெயரைத் தாங்காது, படத்தில் இருக்கும் எலும்புதான் தாங்கும். வரையறையில் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் எனக்கு முழு ஒப்புதல்.