ஆறு நிமிடமா, ஏழு நிமிடமா? ரொனால்டோவின் முழங்காலும் மூன்றாம்பாதிக்கு என் பதிலும்

நடுக்கோடு | இரவு 9.10
நேற்று வேறொரு திரியில் மூன்றாம்பாதி என்ற நண்பர் போகிற போக்கில் இப்படி எழுதிவிட்டுப் போனார்: "முழங்கால் போன பிறகு பிரேசில் ரொனால்டோ ஒருநாளும் பழைய ஆட்டக்காரராகத் திரும்பவில்லை. 2000 ஏப்ரலில் ஆறு நிமிடம் ஆடிவிட்டு விழுந்தாரே, அத்தோடு கதை முடிந்தது." படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

கதை முடிந்த மனிதர்தான் 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கினார். யோகோஹாமா இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை வீழ்த்திய இரண்டு கோலும் அவருடையவை. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி ஓர் விருதும் அவருக்குத்தான். 2003 ஏப்ரலில் ரியல் மாட்ரிட் சட்டையில் ஓல்ட் டிராஃபோர்டுக்குப் போய் மூன்று கோல் போட்டார். அவர் வெளியேறும்போது மான்செஸ்டர் ரசிகர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். கதை முடிந்தவனுக்கு எதிரணிக்காரன் எழுந்து நிற்பானா?

இன்னொன்று. அது ஆறு நிமிடம் அல்ல, ஏழு நிமிடம். இதைக்கூடச் சரியாக எழுதத் தெரியாதவர் ஒரு மனிதரின் வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதக் கிளம்பிவிட்டார்.

மூன்றாம்பாதி | இரவு 9.32
என் பெயரில் ஒரு திரியே தொடங்கிவிட்டார்கள். நன்றி.

கோல் கணக்கு வேறு, ஆட்டம் வேறு. 1996-97இல் பார்சிலோனாவுக்கு 49 ஆட்டங்களில் 47 கோல் அடித்த பையனை நினைத்துப் பாருங்கள். கம்போஸ்டெலா அணிக்கு எதிராகத் தன் பாதியிலேயே பந்தை எடுத்து, சட்டையைப் பிடித்துத் தொங்கியவனையும் இழுத்துக்கொண்டு ஓடிப் போய்க் கோல் அடித்தானே, அவனைச் சொல்கிறேன். 2002இல் அப்படி ஓடிய ஒரே ஒரு காட்சியைக் காட்டுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன். அரையிறுதியில் துருக்கிக்கு எதிராக பூட்ஸ் நுனியால் குத்தினார். ஓட முடியாதவர்கள் செய்கிற காரியம் அது. இறுதியாட்டத்தின் முதல் கோல் ஜெர்மன் கோல்காவலர் ஆலிவர் கான் நழுவவிட்டதால் வந்த கொடை.

ஆறு நிமிடம்தான். எத்தனையோ செய்தியாளர்கள் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

நடுக்கோடு | இரவு 9.41
கொடையாம்! அந்தக் கோலை ஒருமுறையாவது முழுதாகப் பார்த்திருக்கிறீர்களா? ரொனால்டோ பந்தை இழக்கிறார். இழந்த மறுகணமே திரும்பி ஜெர்மனியின் ஹாமனிடமிருந்து அதைப் பறித்துத் தன் அணியின் ரிவால்டோவிடம் தள்ளுகிறார். ரிவால்டோ அடிக்கிறார், கான் நெஞ்சில் வாங்கி நழுவவிடுகிறார். அதற்குள் ரொனால்டோ அங்கே வந்து நிற்கிறார். பறித்தவரும் அவரே, ஓடியவரும் அவரே, முடித்தவரும் அவரே. ஜெர்மன் தடுப்பாட்டக்காரர்களுக்கு முழங்கால் நன்றாகத்தானே இருந்தது? அவர்களில் ஒருவராவது அந்தப் பந்துக்கு ஓடினாரா?

எத்தனையோ செய்தியாளர்கள் ஏழு என்றும்தான் எழுதியிருக்கிறார்கள். ஏழு.

சிவப்பட்டை | இரவு 9.50
ஒரு மனிதரின் முழங்கால் தசைநாண் அறுந்திருக்கிறது. இங்கே இரண்டு பேர் கைக்கடிகாரத்தோடு நிற்கிறார்கள்.

உதிரி_ஆட்டக்காரன் | இரவு 10.02
லாசியோவுக்கும் இன்டர் மிலனுக்கும் நடந்த அந்த இத்தாலியக் கோப்பை இறுதியின் இரண்டு ஆட்டங்களில் முதலாவதை, 2000 ஏப்ரல் 12 அன்று, நான் நேரலையில் பார்த்தேன். இன்றும் கண்முன் நிற்கிறது. ரொனால்டோ இன்டரின் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வருகிறார். பந்து காலுக்கு வருகிறது. உடலை ஒரு பக்கம் சாய்த்துக் காலைப் பந்துக்கு மேலே வீசுகிறார். அவரை யாரும் தொடவில்லை. வலது கால் மடங்குகிறது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். எங்கள் அறையில் யாரும் பேசவில்லை. நிமிடமெல்லாம் யார் எண்ணினார்கள்?

நடுக்கோடு | இரவு 10.08
அப்படியா, மகிழ்ச்சி. போன மாதம் மரடோனா திரியில் 1986 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தையும் நேரலையில் பார்த்ததாக எழுதினீர்கள். உங்கள் சுயவிவரத்தில் பிறந்த ஆண்டு 1984 என்று இருக்கிறது. இரண்டு வயதில் ஆஃப்சைடு விதி புரிந்ததா?

உதிரி_ஆட்டக்காரன் | இரவு 10.15
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். நான் உங்கள் கட்சிக்குத்தான் பேச வந்தேன்.

நடுக்கோடு | இரவு 10.17
என் கட்சிக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை.

கட்டுக்கால் | இரவு 10.40
நான் உடற்பயிற்சி சிகிச்சையாளன். நானும் ஒரு காலத்தில் முழங்கால் கிழிந்தவன்தான். ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொண்டால் இந்தச் சண்டையில் பாதி குறையும். "பழைய ஆட்டம்" என்று எதைச் சொல்கிறீர்கள்? வேகத்தையா, கோலையா, பயமில்லாமல் காலை நீட்டுவதையா? மூன்றும் ஒரே நாளில் திரும்பி வருவதில்லை.

ரொனால்டோவுக்கு 1999 நவம்பரில் லெச்சே அணிக்கு எதிராக முதல் காயம். அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்து மாதத்தில் மறுபடி மைதானத்துக்கு வந்தார். அன்றுதான் தசைநாண் முழுதாக அறுந்தது. முழங்கால் சில்லைக் கீழ்க்கால் எலும்போடு கட்டி வைத்திருப்பது அந்தத் தசைநாண். அது அறுந்தால் தொடைத்தசை சில்லை மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். சில்லு தொடையின் நடுவே போய் நின்றதாக அவருடைய சிகிச்சையாளரே பின்னாளில் சொன்னார். அடுத்த பருவம் முழுக்க ஓர் ஆட்டம்கூட இல்லை. அந்தக் கால் உலகக் கோப்பை ஆடியதே பெரிய காரியம்.

எனக்குப் போனது ஏசிஎல், முழங்காலுக்குள் குறுக்கே ஓடும் தசைநார். வார இறுதி ஆட்டம், எதிரே யாரும் இல்லை, திரும்பினேன், உள்ளே 'பட்' என்று ஒரு சத்தம். சுளுக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வாரம் ஒருமுறை முழங்காலுக்கு மேலே நான்கு விரல் தள்ளித் துணி அளக்கும் நாடாவைச் சுற்றி இரண்டு தொடையையும் அளப்பேன். கிழிந்த கால் இரண்டு சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. அந்த இரண்டு சென்டிமீட்டரைத் திரும்பப் பெற ஏழு மாதம் ஆனது.

சிவப்பட்டை | இரவு 10.44
ஆறா ஏழா, நன்றாக எண்ணிப் பாருங்கள் மருத்துவரே. இங்கே விடமாட்டார்கள்.

மூன்றாம்பாதி | இரவு 10.52
கட்டுக்கால் சொன்னதுதான் என் கட்சி. மெலிந்த கால், போன வேகம். நன்றி.

கட்டுக்கால் | இரவு 10.55
நான் அப்படிச் சொல்லவில்லை.

நடுக்கோடு | இரவு 11.03
அவர் அப்படிச் சொல்லவில்லை. எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிந்திருந்தால் ஆறு என்று எழுதியிருக்கமாட்டீர்கள்.

பூட்ஸ் நுனி என்று இளக்காரமாகச் சொன்னீர்களே, அதற்கு வருகிறேன். சுற்றிலும் துருக்கிச் சட்டைகள், காலைப் பின்னால் ஓங்க இடமில்லை. ஓங்கினால் கோல்காவலருக்குத் தெரிந்துவிடும். ஓடுகிற ஓட்டத்திலேயே, ஓங்காமல், நுனியால் ஒரு குத்து. ருஷ்டு ரெச்பர் சாய்வதற்குள் பந்து வலையில். உள்ளரங்க ஆட்டத்தில் வளர்ந்தவர்களின் வித்தை அது. அன்று காலில் வலியோடுதான் இறங்கினார். எல்லாரும் கால் வலியைப் பற்றியே எழுதுகிறார்கள் என்றுதான் நெற்றியில் மட்டும் முக்கோணமாக முடியை விட்டு மீதியை மழித்துக்கொண்டு வந்தார். செய்தியாளர்கள் காலை மறந்து தலையைப் பற்றி எழுதினார்கள். அதே முடியோடு அலைந்த பையன்களின் அம்மாக்களிடம் பின்னாளில் மன்னிப்பும் கேட்டார். வலியை மறைத்து, பத்திரிகைகளை ஏமாற்றி, கோலும் அடித்தவரைப் பார்த்து "ஓட முடியாதவர்" என்கிறீர்கள்.

ரியலில் 2003-04 பருவத்தில் 24 கோலோடு ஸ்பெயின் லீக்கின் முதலிடம். அதுவும் கான் நழுவவிட்டதா?

மூன்றாம்பாதி | இரவு 11.15
உண்மையான திரும்பி வருதல் என்றால் மரடோனாவைச் சொல்லுங்கள். 1983 செப்டம்பரில் தடுப்பாட்டக்காரர் கொய்கோசியா அவருடைய கணுக்காலை உடைத்தார். மரடோனா 106 நாளில் மைதானத்துக்கு வந்தார். 1986இல் என்ன செய்தார் என்று உதிரி நேரலையில் பார்த்திருக்கிறார், அவரையே கேளுங்கள்.

உதிரி_ஆட்டக்காரன் | இரவு 11.17
எல்லாருமா?

நடுக்கோடு | இரவு 11.20
106 நாளைத் துல்லியமாக எண்ணத் தெரிகிறது. ஏழு நிமிடத்தை எண்ணத் தெரியவில்லை.

வலது_ஓரம் | இரவு 11.31
டோரஸைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? 2009-10இல் லிவர்பூலுக்கு லீக்கில் 22 ஆட்டம், 18 கோல். 2010 ஏப்ரலில் முழங்கால் அறுவைச் சிகிச்சை. 2011 ஜனவரியில் ஐந்து கோடி பவுண்டுக்குச் செல்சிக்குப் போனார். முதல் கோலுக்கு 903 நிமிடம் காத்திருந்தார். வேகம் போனால் இதுதான் கதி. மூன்றாம்பாதி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சிவப்பட்டை | இரவு 11.33
903ஆ, 904ஆ?

கட்டுக்கால் | இரவு 11.48
டோரஸின் ஆட்டமே தடுப்பாட்டக்காரனின் தோளைத் தாண்டி ஓடுவதுதான். அதில் அரை அடி குறைந்தாலும் பிழைப்பு போய்விடும். ஸ்பெயினின் நடுக்கள ஆட்டக்காரர் கஸோர்லாவுக்கு ஓட்டம் தேவைப்படவில்லை, இரண்டு காலாலும் பந்தைத் தட்டத் தெரிந்தால் போதும். அதனால்தான் அவரால் வர முடிந்தது. அவருக்கு நடந்ததைப் பாருங்கள். கிருமித் தொற்று குதிகால் தசைநாணில் எட்டு சென்டிமீட்டரைத் தின்றுவிட்டது. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கணுக்காலை மூட முன்கையிலிருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள். அந்தக் கையில் மகளின் பெயர் பச்சை குத்தியிருந்தது. மகளின் பெயர் இந்தியா. பாதிப் பெயர் கையில், மீதி கணுக்காலில். அந்தக் காலோடு 2018இல் வியாரியலுக்கு ஆடப் போனார், 2019இல் ஸ்பெயின் அணிக்கும் திரும்பினார். பழைய ஆட்டமா என்று அவரிடம் போய்க் கேட்பீர்களா?

வலது_ஓரம் | இரவு 11.55
அப்படியென்றால் டென்மார்க்கின் எரிக்சனும்தான். 2021 ஜூனில் கோபன்ஹேகனில் விழுந்தார், சக ஆட்டக்காரர்கள் கண்ணீரோடு சுற்றி நின்று அவரை மறைத்தார்கள். அன்று நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து, நெஞ்சில் இதயத் துடிப்பைக் காக்கும் கருவியோடு பிரென்ட்ஃபோர்டுக்கு இறங்கினார்.

மூன்றாம்பாதி | நள்ளிரவு 12.04
மாரடைப்பு காயம் ஆகாது. தலைப்பு காயம்.

கட்டுக்கால் | நள்ளிரவு 12.09
அது மாரடைப்பு அல்ல, இதயத் துடிப்பு நின்றது. இரண்டும் வேறு.

மூன்றாம்பாதி | நள்ளிரவு 12.10
எதுவாக இருந்தாலும் முழங்கால் அல்ல.

நடுக்கோடு | நள்ளிரவு 12.21
பேச்சை மாற்றாதீர்கள். டோரஸ், கஸோர்லா, எரிக்சன் என்று ஊர்வலம் விட்டு ஆறு நிமிடத்தை மறைக்கப் பார்க்கிறீர்கள். இந்த மூன்றாம்பாதி போன ஆண்டு டச்சு ஆட்டக்காரர் வான் பாஸ்டன் ஓய்வு பெற்றது 1993 என்று என்னோடு மூன்று நாள் வாதாடியவர். கடைசி ஆட்டம் 1993, ஓய்வை அறிவித்தது 1995. அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

மூன்றாம்பாதி | நள்ளிரவு 12.26
1993க்குப் பிறகு அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை என்றுதான் சொன்னேன். ஆடாதவன் ஓய்வு பெற்றவன். அறிவிப்பு உங்களுக்கு, ஆட்டம் எனக்கு. நம் இருவருக்கும் உள்ள வேறுபாடே அதுதான்.

கட்டுக்கால் | நள்ளிரவு 12.34
வயதைச் சொல்வதுபோல் சொல்லிவிடலாமே? ஆறு முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது. இருவரும் சரி.

நடுக்கோடு | நள்ளிரவு 12.36
இல்லை. ஏழு முடிந்தது.

மூன்றாம்பாதி | நள்ளிரவு 12.36
இல்லை. ஆறு முடியவே இல்லை.

சிவப்பட்டை | நள்ளிரவு 12.38
இப்போது ஐந்தா?

நடுக்கோடு | நள்ளிரவு 12.50
என்னிடம் அந்த ஆட்டத்தின் பதிவு ஒரு பழைய நாடாவில் இருக்கிறது. ஞாயிறு உட்கார்ந்து, அவர் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்த விநாடியிலிருந்து எண்ணி எழுதுகிறேன். அதே நாடாவின் பின்பாதியில் 1998 யூஈஎஃப்ஏ கோப்பை இறுதி இருக்கிறது. அதே லாசியோ, பாரிஸ் மைதானம். கோல்காவலர் மார்க்கெஜானியைப் பந்தைத் தொடாமலே உடலை ஆட்டி உட்கார வைத்துவிட்டுப் போகிறார். அந்த இடம் வந்தால் இன்றும் நிறுத்தி மறுபடி ஓட்டுவேன். என் மகன் சலித்துக்கொள்வான்.

மூன்றாம்பாதி | நள்ளிரவு 12.58
பார்த்தீர்களா? நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது 1998ஐ. 2002ஐ அல்ல.

நடுக்கோடு | நள்ளிரவு 1.04
2002 வேறொரு நாடாவில் இருக்கிறது. அதையும் நிறுத்தித்தான் பார்ப்பேன். எந்த நாடாவை எப்போது ஓட்டுவது என்று உங்களைக் கேட்க வேண்டியதில்லை.

உதிரி_ஆட்டக்காரன் | நள்ளிரவு 1.15
தூக்கம் வரவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். 1986 இறுதியை அப்பாவின் மடியில் உட்கார்ந்து பார்த்தேன். அவர்தான் சொன்னார். மடியில் உட்கார்ந்து பார்த்தாலும் நேரலைதான்.

நடுக்கோடு | நள்ளிரவு 1.17
அந்த மடியில் எத்தனை நிமிடம் விழித்திருந்தீர்கள்?