தோள்ல உதைக்கற ரைபிள்: 1000 கஜத்துக்கு எந்த தோட்டா?

ஓசூர்22:
வணக்கம், நான் 50 மீட்டர் ப்ரோன் (படுத்துட்டு சுடறது) 3 வருஷமா சுடறேன். போன மாசம் டெக்சாஸ்ல பெரியப்பா பையன் வீட்டுக்குப் போனப்ப ரேஞ்சுல அவரோட 308 தோட்டா ரைபிளை வாங்கி சுட்டேன், முதல் 10 ரவுண்டு சூப்பரா போச்சு, அப்புறம் என்னான்னே தெரியல எல்லாம் கீழ கீழயே விழுது, மறுநாள் சட்டை போடறப்ப பாத்தா தோள் கன்னிப்போயிருக்கு. அண்ணன் இப்ப 1000 கஜம் அடிக்கணும்னு அதைவிடப் பெரிய தோட்டா, 300 வின் மேக்னம் ரைபிள் வாங்கப் போறாராம். நான் உதை கம்மியான 6.5 கிரீட்மூர் தோட்டான்னு சொன்னா அது சின்னதுங்கறாரு. உதைக்கு பயந்து பவரை விடலாமாங்க?

பாலக்கோடு எக்ஸ்சர்வீஸ்:
தம்பி, கீழ விழுந்ததுக்கு தோட்டா காரணமில்ல. உதை வரப்போகுதுன்னு உடம்புக்குத் தெரிஞ்சிடுச்சு, சுடறதுக்கு முன்னாடியே தோள் முன்னால தள்ளுது, விரலு ட்ரிக்கரை வெடுக்குன்னு இழுக்குது. பட்டாளத்துல எஸ்எல்ஆர்ங்கற பழைய 7.62 மிமீ ரைபிள் சுட்டப்ப எனக்கும் இதே கததான், ரைபிளோட பின்கட்டை தோள்குழியில சரியா உக்காரலன்னா அன்னிக்கு ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியாது. உதை கம்மியான இன்சாஸ் 5.56 மிமீ ரைபிள் வந்தப்புறம் என் குரூப் (குண்டுங்க பட்ட இடத்தோட பரப்பு) பாதியா சுருங்குச்சு. அண்ணனை ஒண்ணு பண்ணச் சொல்லு, இன்னொருத்தர் லோட் பண்ணிக் குடுக்கட்டும், நடுநடுவுல அண்ணனுக்குத் தெரியாம டம்மி ரவுண்டு (வெடிக்காத தோட்டா) போடட்டும். டம்மில க்ளிக்குனு சத்தம் வரப்ப குழல் மூக்கு கீழ குத்துச்சுன்னா அதான் வியாதி.

காவேரிப்பட்டணம் ஸ்கோப்:
4 கிலோ ரைபிள்ல உதையோட சக்தியை கணக்கு போட்டா 6.5 கிரீட்மூர் சுமார் 12 அடி-பவுண்டு, 308 சுமார் 15, 300 வின் மேக்னம் 28 கிட்ட வருது. மேக்னம்ல 308 ஐ விட பாதிக்கு மேல வெடிமருந்து கூட இருக்கறதாலதான், அது எரிஞ்சு வர்ற வாயு வெளிய பாயறதும் சேர்ந்துதான் பின்னால தள்ளும். 6.5 ல 140 கிரெயின் (சுமார் 9 கிராம்) குண்டு ஒல்லியா நீளமா இருக்கும், காத்தை கிழிச்சிட்டுப் போகும், அதனால 1000 கஜத்துல 308 ஐ விட காத்துக்கு கம்மியா விலகும். சின்னதுன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. என்னைக் கேட்டா பெரிய விஷயம் என்னன்னா, குண்டு அங்க போய்ச் சேர ஒன்றரை செகண்டுக்கு மேல ஆகும், அதுக்குள்ள ஸ்கோப் திரும்ப டார்கெட்டுக்கு வந்துட்டா எங்க பட்டுச்சுன்னு நீங்களே பாத்து அடுத்த ரவுண்டு திருத்திக்கலாம், மேக்னம்ல ஸ்கோப் வானத்தைப் பாக்கும். ரைபிள் எடையை ரெண்டு மடங்காக்கினா அந்த அடி-பவுண்டு பாதியாயிடும், அதையும் சொல்லுங்க. குழல் முனையில வாயுவை பக்கவாட்டுல திருப்பற மஸில் ப்ரேக் போட்டா உதை குறையும்தான், ஆனா பக்கத்துல படுத்திருக்கறவன் காது போயிடும், தூரமா படுத்து சுடற எஃப் கிளாஸ் போட்டில அதுக்கு அனுமதியும் இல்ல.

ஓசூர்22:
ரொம்ப நன்றிண்ணா. அண்ணன் நேத்து 308 லயே டம்மி போட்டுப் பாத்து வீடியோ அனுப்பினாரு, 5 க்ளிக்ல 3 தடவ மூக்கு நல்லா குத்துது. மேக்னம் பேச்சையே எடுக்கல இப்ப, 6.5 கனமான குழலோட எவ்ளோன்னு விசாரிக்கறாரு.