நூறு வயது சாலை மரங்கள்: வரிசை கெடாமல் மாற்றுவது எப்படி?

நகரிக்காரி: சித்தூர் பக்கம் நகரியிலிருந்து கேட்கிறேன். நகரமைப்புப் படிப்புக்காகப் புது டெல்லி சாலை மரங்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். ஜன்பத்தில் மருது, அக்பர் சாலையில் புளி, கர்த்தவ்ய பாதையில் (பழைய ராஜபாதை) நாவல் என்று சாலைக்கு ஓர் இனம். ஏறக்குறைய ஒரே காலத்து நடவு, மூப்பும் சேர்ந்தே வருகிறது. விழுந்த இடத்தில் கன்று வைத்தால் போதாதா? ஆந்திரத் தலைநகர் அமராவதிக்கு இதில் பாடம் உண்டா?

மரக்கணக்கு: போதாதும்மா. பெரிய மரங்களுக்கு நடுவில் வைத்த கன்று வெளிச்சம் தேடிச் சாலைப் பக்கம் சாயும், தண்ணீருக்கும் பழைய வேரோடு போட்டி. இரண்டு சந்திப்புக்கு நடுவே ஒரு துண்டை எடுத்து, இரு பக்கமும் ஒரே பருவத்தில் மாற்றணும். அடுத்த துண்டு ஐந்தாறு வருஷம் கழித்து. காக்க வேண்டியது இனம், இடைவெளி, கோடு மூன்றும்.

வேர்க்காவல்: மாற்றுவதற்கு முன்னாடி ஏன் சாகுதுன்னு பாருங்க. பல மரம் மூப்பால சாகல, அடியில போட்ட சிமெண்ட்டாலயும் குழி தோண்டி வேர் அறுபடுறதாலயும் சாகுது. மரத்தைச் சுத்தி ஒரு மீட்டருக்கு சிமெண்ட்டை எடுக்கச் சொல்லி 2013-ல டெல்லிக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுச்சு. ஆனா கேபிள் குழிக்கு ஒரு மீட்டர் பத்தாது. நெஞ்சு உயரத்துல தண்டு விட்டத்தை அளந்து 12-ஆல பெருக்குங்க. 60 செ.மீ. மரம்னா 7.2 மீட்டருக்குள்ள பொக்லைன் வரக்கூடாது. கம்பி போயே ஆகணும்னா கையால தோண்டி, வேருக்கு அடியில குழாயை நுழைக்கணும். வேர் அறுந்த மரம் அன்னைக்கே விழாது. முதல்ல உச்சிக் கிளை காயும், ரெண்டு மூணு மழைக்காலம் கழிச்சு காத்துல சாயும். பழி காத்து மேல போகும்.

கிளையைத் தண்டோட ஒட்டச் சீவுறதும் தப்பு. கிளை அடியில மோதிரம் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், அதுக்கு வெளியே அறுக்கணும். புடைப்பு போனா புண் மூடாது, மழைத்தண்ணி இறங்கிப் பொந்தாயிடும்.

நகரிக்காரி: தெளிவாச்சு அண்ணா. கன்று எங்கே எடுப்பது?

மரக்கணக்கு: அதே சாலை மரத்து விதையிலிருந்து. நாவல் கொட்டையைக் காயவிட்டால் முளைக்காது. சதையைக் கழுவி இரண்டு மூன்று நாளில் விதைக்கணும். வேப்பங்கொட்டையும் அதிக நாள் தாங்காது, புளியங்கொட்டை தாங்கும். பையில் வேர் சுருண்டிருந்தால் நடும்போதே நறுக்கிவிடணும், இல்லாவிட்டால் வளர்ந்த பிறகு பிடிப்பில்லாமல் சாயும்.

அமராவதிப் பக்கம் கரிசல் மண். கோடையில் பிளந்து வேரை அறுக்கும், மழையில் குழியில் தண்ணீர் கட்டும். தேங்கும் இடத்தில் வேம்பு அழுகும், மருது நிற்கும். மண் பார்த்துத்தான் சாலைக்கு இனம் பிரிக்கணும்.