ஞாயிற்றுக்கிழமைச் சிறுவர் ஆட்டம்: பாதியில் நின்றது ஏன்?

அன்புள்ள ஊரவர்களுக்கு வணக்கம்.

லண்டனில் ஞாயிற்றுக்கிழமை நடந்த சிறுவர் உதைபந்தாட்டத்தைப் பற்றி வந்த மடல்கள் எல்லாவற்றையும் வாசித்தேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணை, மழைக்குப் பயந்து ஆட்டத்தை நிறுத்திய முதல் ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறார். பாரிஸ் தங்கச்சி படங்களைப் பார்த்துவிட்டு, அந்தக் கோலத்தில் பிள்ளைகளை வெளியே விட்டதே பிழை என்கிறார். இரண்டு பேரும் மைதானத்தில் இல்லை. ஒன்பது வயதுக்கு உட்பட்ட எங்கள் பெடியளுக்கும் பெட்டையளுக்கும் பொறுப்பாக நான் அங்கே நின்றேன். அதனால் நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன், பிறகு சண்டை பிடியுங்கள்.

முதலில் அண்ணையின் கதை. கார்த்திகை மாரியில் பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளம் நிற்க நிற்க விளையாடினோம், நாவாந்துறையாரும் இளவாலையாரும் வந்து அதே மழையில் ஆடிவிட்டுப் போனார்கள், ஒருவருக்கும் தடிமன்கூட வரவில்லை என்கிறார். உண்மை. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1300 மில்லிமீற்றர் மழை பெய்கிறது, லண்டனில் அதில் பாதிகூட இல்லை. அதிலும் எங்கள் மழையில் பெரும்பகுதி மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 2008 நிஷா புயலில் என்ன பாடுபட்டோம் என்று ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும். மழையில் லண்டன்காரன் எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆனால் அந்த மழை பெய்யும்போது ஊரில் 20 பாகை செல்சியஸுக்குக் குறைவது அபூர்வம். நனைந்தால் உடம்பு குளிரும், ஓடினால் சூடாகிவிடும், வீட்டுக்குப் போனால் அம்மா தலையைத் துடைத்துவிட்டு இஞ்சி போட்ட தேத்தண்ணி தருவா. அதோடு முடிந்தது. நிலமும் எங்களுக்குத் துணை. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல், காலையில் நின்ற வெள்ளம் பின்னேரம் பாதி வடிந்திருக்கும். வெள்ளைக் காற்சட்டை செம்மண் நிறத்தில் வீட்டுக்கு வந்து அடி வாங்கித் தந்ததைத் தவிர அந்த மண் எங்களுக்கு ஒரு கெடுதியும் செய்யவில்லை. லண்டன் மண் பெரும்பாலும் களி. தண்ணீரைக் குடிக்காது, விடவும் விடாது. நேற்றுப் பெய்த மழை நாளைக்கும் மைதானத்தில் நிற்கும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். காலையில் கவுன்சில் ஆள் வந்து நிலத்தைக் குத்திப் பார்த்துவிட்டு விளையாடலாம் என்றார். அப்போது தூறல்தான். ஐந்து பாகை என்று போன் காட்டியது. பக்கத்து ஊர்ச் சங்கத்துப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பக்கத்துக்கு ஏழு பேர், பாதிக்கு 25 நிமிடம். ஒரு அம்மா மகனுக்கு மப்ளர் சுற்றி அனுப்பியிருந்தா, அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. கழுத்தைச் சுற்றிக் கட்டுவதற்கு 2011 இலிருந்து ஆட்ட விதியில் தடை. கையுறை போடலாம். அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் கையுறையாவது கொண்டுவந்திருப்பேனே என்று அவ பேசியதில் நியாயம் இருக்கிறது.

முதல் பத்து நிமிடம் நான் பார்த்த மிகச் சந்தோசமான உதைபந்தாட்டம். மைதானத்தின் நடுவில் ஒரு குளம். பந்து அதற்குள் போனால் பொத்தென்று நின்றுவிடும், பதினான்கு பேரும் அங்கே ஓடி வந்து விழுவார்கள். வாரக்கணக்காகப் பாஸ் பண்ணப் பழக்கியது எல்லாம் போய்விட்டது. பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு சின்னவன், எல்லாரிலும் கட்டையானவன், தானாகவே கண்டுபிடித்தான்: குளத்துக்கு முன்னாலேயே பந்தை நுனிக்காலால் தூக்கிவிட்டால் அது அந்தப் பக்கம் போய் விழும். அப்படியே ஒரு கோல் வந்தது. அடித்த பிறகு வயிற்றால் வழுக்கிக்கொண்டு குளத்தைக் கடந்தான். பாரிஸ் தங்கச்சி, நீங்கள் பார்த்த படம் அதுதான். அந்த நேரத்தில் அங்கே பரிதாபப்பட ஒருவரும் இருக்கவில்லை.

பிறகு காற்று எழும்பியது. மேற்கிலிருந்து நேராக எங்கள் கோலை நோக்கி. கோல் காத்தவள் ஒரு சின்னப் பெட்டை, நல்ல துணிச்சல்காரி. கோல் கிக் அடித்தாள். பந்து மேலே எழும்பி, நின்று, திரும்பி, அவளுடைய தலைக்கு மேலாலேயே போய் வலைக்குள் விழுந்தது. எதிர்ப்பக்கத்து மாமாமார் கோல் என்று கத்தினார்கள். மத்தியஸ்தம் செய்தவன் பதினைந்து வயதுப் பெடியன். இங்கே பதினான்கு வயதிலிருந்தே அந்தப் பயிற்சிக்குப் போகலாம். அவன் அமைதியாகக் கோர்னர் கொடியைக் காட்டினான். அவன் செய்தது சரி. கோல் கிக் நேராகத் தன் கோலுக்குள்ளேயே போனால் அது கோல் ஆகாது, எதிரணிக்குக் கோர்னர் கிக். நாற்பது வருசம் பந்து பார்த்த எங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

மணிக்கு 40 கிலோமீற்றர் காற்று இருக்கும். ஐந்து பாகையில் அப்படிக் காற்றடித்தால் உடம்புக்கு அது உறைநிலைக்குக் கொஞ்சம் கீழே இருப்பதுபோல்தான் தெரியும். அது காய்ந்த உடம்புக்குப் போடும் கணக்கு, நனைந்த உடம்புக்கு இன்னும் மோசம். உள்ளே பருத்திப் பெனியன் போட்ட பிள்ளைகள் ஈரத்தைச் சுமந்துகொண்டு ஓடினார்கள். சின்னப் பிள்ளைகளின் உடம்பில் எடையோடு பார்த்தால் தோல் அதிகம், பெரியவர்களைவிட வேகமாகச் சூடு போய்விடும். அதிலும் ஓடுகிற பிள்ளைக்கு அவ்வளவு ஆபத்தில்லை. கோலில் நிற்கிற பிள்ளையும், ஓடி வியர்த்துவிட்டு மாற்றப்பட்டு ஓரத்தில் நிற்கிற பிள்ளையும்தான் விறைக்கிறார்கள். சிறுவர் ஆட்டத்தில் எத்தனை தடவையும் மாற்றி இறக்கலாம் என்பதால், எல்லாருக்கும் வாய்ப்புக் கொடுக்கிறோம் என்று நாங்களே மாறி மாறி எல்லாரையும் நனைத்துக் குளிரவைக்கிறோம்.

கோலில் நிற்பவரின் கதி எப்போதும் அப்படித்தான். 1937 நத்தார் நாளில் லண்டன் ஸ்டாம்போர்ட் பிரிட்ஜ் மைதானத்தில் பனிமூட்டத்தால் ஆட்டத்தை நிறுத்தினார்கள். சார்ல்டன் அணியின் கோலி சாம் பார்ட்ரமுக்கு அது தெரியவில்லை. தன் ஆட்கள் எதிர்ப்பக்கத்தில் நெருக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் கால்மணி நேரம் தனியே நின்றாராம். கடைசியில் பனிக்குள்ளிருந்து ஒரு பொலிஸ்காரர் வந்துதான் எல்லாரும் போய்விட்டார்கள் என்று சொன்னாராம்.

இடைவேளையில் எங்கள் கோலியால் கையுறையைக் கழற்ற முடியவில்லை. விரல் மடங்கவில்லை. சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்த அக்காவுக்குக் கோயில் கட்டலாம். ரோல்ஸ் நனைந்து போய்விட்டது, ஆனாலும் மிச்சமில்லை. நான் கோலியை மாற்றினேன். இரண்டாம் பாதியில் நாங்கள் காற்றோடு ஆடினோம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போயிருக்கும், ஒரு பெரிய காற்றில் எங்கள் பக்கத்துக் கோல் கம்பம் முன்னால் சாய்ந்து, பிறகு திரும்பி நின்றது. அது தூக்கிவைக்கும் வகைக் கோல், பின்னால் மண்மூட்டை வைத்திருந்தார்கள். மண்மூட்டை நனைந்த புல்லில் வழுக்கிவிட்டது. மத்தியஸ்தப் பெடியன் உடனே நீண்ட விசிலடித்துப் பிள்ளைகளை எல்லாம் நடுவுக்குக் கூப்பிட்டான். கோலைப் பார்த்தான், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தான், ஆட்டம் முடிந்தது என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வெட்கம். பெற்றோர் நிற்கும் கயிற்றைத் தாண்டி வந்து இரண்டு மூன்று பேர் அந்தப் பெடியனைச் சுற்றி நின்று, இன்னும் பத்து நிமிசம்தானே, நாங்கள் ஒரு மணித்தியாலம் கார் ஓடி வந்திருக்கிறோம் என்று சத்தம் போட்டார்கள். இரண்டு ஊர்ச் சங்கத்து ஆட்களும் அதில் இருந்தார்கள். சாயும் கோல் கம்பத்தால் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள், இங்கிலாந்திலேயே. அதனால்தான் தூக்கிவைக்கும் கோலை நிலத்தோடு பிணைக்க வேண்டும் என்று இவ்வளவு கண்டிப்பு. அங்கே நின்ற பெரியவர்கள் எல்லாரிலும் அதை முதலில் கண்டது அவன்தான்.

நிறுத்துவது பயந்தாங்கொள்ளித்தனம் என்றால், அண்ணை, ஸ்கொட்லாந்துக்காரரை என்ன சொல்வீர்கள்? 1979 இல் இன்வெர்னஸ் திஸில் அணிக்கும் பால்கேர்க் அணிக்கும் இடையிலான கிண்ண ஆட்டம் ஒன்றைக் காலநிலையால் 29 தடவை தள்ளிவைத்தார்கள். அவர்களுக்குக் குளிர் புதிதா? குளிரும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 மே மாதம் சீனாவின் கன்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீற்றர் மலை ஓட்டமே போதும். 172 பேர் ஓடினார்கள், ஆலங்கட்டியும் குளிர் மழையும் காற்றும் வந்து 21 பேர் இறந்தார்கள். அவர்களில் நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். பூங்காவில் நடக்கும் சிறுவர் ஆட்டம் மலை ஓட்டம் ஆகாது, கார் பக்கத்திலேயே நின்றது, தெரியும். ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளைக்கு "எனக்கு ஏலாது" என்று சொல்லத் தெரியாது, அதுவும் மாமா சித்தப்பா எல்லாரும் கயிற்றோரம் நின்று கத்தும்போது. குளிருது குளிருது என்று கத்துகிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சத்தம் குறைந்து, கால் தடுமாறி, கேட்டதற்குப் பதில் பிந்திச் சொல்கிற பிள்ளையைத்தான் உடனே வெளியே எடுத்து உடுப்பு மாற்ற வேண்டும். அன்றைக்கு அப்படி ஒருவன் இருந்தான். கோல் அடித்த அதே சின்னவன். காருக்குள் ஹீட்டரைப் போட்டு வைத்திருந்தோம், கால்மணி நேரத்தில் வழமைக்கு வந்து ரோல்ஸ் கேட்டான்.

ஆகவே பாரிஸ் தங்கச்சிக்கும் என் பதில்: மழைக்காக நிறுத்தக் கூடாது. அடுத்த முறையும் மழை பெய்தால் விளையாடுவோம். காற்றும் குளிரும் சேர்ந்தால் பாதியின் நேரத்தைக் குறைப்போம், கோலியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுவோம், பருத்திப் பெனியன் வேண்டாம் என்று முதல் நாளே எல்லா வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவோம், ஆளுக்கு ஒரு மாற்று உடுப்பும் ஜாக்கெட்டும் இல்லாமல் இறக்க மாட்டோம். ஆடி மாத ஒன்றுகூடலில் இடி வந்தால் வேறு கணக்கு: மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைந்தால் எல்லாரும் கட்டடத்துக்குள் அல்லது காருக்குள், கடைசி முழக்கத்திலிருந்து 30 நிமிடம் போகும்வரை ஒருவரும் வெளியே வரக் கூடாது. மரத்தடியில் நிற்கவும் கூடாது, கூடாரத்துக்குள் நிற்கவும் கூடாது, கொத்துரொட்டி அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலும்.

கோல் எண்ணிக்கையைச் சிலர் கேட்டிருந்தீர்கள். இந்த வயதில் முடிவை வெளியிடுவதில்லை என்பது இங்கே உள்ள ஒழுங்கு, நானும் எழுதப் போவதில்லை. பிள்ளைகளைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் தாங்கள்தான் வென்றோம் என்று சொல்கிறார்கள்.

மத்தியஸ்தப் பெடியனுக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிச் செயலாளருக்கு அனுப்பியிருக்கிறேன். பேசிய கூலியை ஆட்டம் முழுதாக நடந்ததாகவே கணக்கிட்டுக் கொடுத்தாயிற்று. பொருளாளர் அதைப் பற்றிக் கேள்வி கேட்டால் எனக்குத் தனியாக எழுதட்டும். கயிற்றைத் தாண்டியவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும், அவர்களும் கடிதத்தில் கையெழுத்து வைத்தால் நல்லது.

கடைசியாக, என்னுடைய காரில் கிடப்பவை: இடது கால் சப்பாத்து ஒன்று, அளவு 2, கறுப்பு. சோடியில்லாத மேசு மூன்று. சிவப்பு மூடியுள்ள சுடுதண்ணிப் போத்தல். யாருடையதோ கண்ணாடி, தோய்த்து எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் வீட்டில் நிற்பேன், வந்து எடுங்கள்.